பவானியில் பரிசல் பயணம்: ஏறுவதற்கு முன் அறிய வேண்டியவை

கொங்கு நாட்டின் ஆறுகளில் ஒரு பகலைக் கழிக்க விரும்பும் பயணிக்குக் கயாக்கை விடப் பரிசலே எளிதில் வாய்க்கிறது. கயாக் என்பது ஆர்க்டிக் பகுதி மக்கள் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி உருவாக்கிய, இருமுனைத் துடுப்பால் செலுத்தப்படும் ஒடுங்கிய படகாகும். பரிசலோ மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் பின்னர் தார் பூசிய விரிப்பும் போர்த்திச் செய்யப்பட்ட கலம். இன்று பல துறைகளில் அது கண்ணாடியிழையாலும் ஆனது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடி அதை நேராகச் செலுத்த உதவும் ஏராக்கட்டை பரிசலுக்கு இல்லாததால், அது ஆழமற்ற நீரிலும் பாறைகளுக்கிடையே தட்டாமல் மிதக்கிறது. அதே காரணத்தால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எளிதில் சுழலவும் செய்கிறது.

கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாகச் செல்லும் மலைப்பாதையில் உள்ள பரளிக்காட்டில், பில்லூர் அணையின் நீர்த்தேக்கப் பரப்பில், வனத்துறை அப்பகுதிப் பழங்குடி மக்களுடன் இணைந்து பரிசல் சவாரியை நடத்தி வருகிறது. முன்பதிவு செய்தோர்க்கே இடம் கிடைக்கும் என்பதாலும், நீர்மட்டத்தையும் மழையையும் பொறுத்துச் சவாரி நிறுத்தப்படலாம் என்பதாலும், புறப்படுவதற்கு முந்தைய நாளே நிலவரத்தை உறுதிசெய்துகொள்வது நலம். பரிசலை ஓட்டுவோரும் மதிய உணவு சமைப்போரும் அம்மலைக் கிராமத்தினரே ஆதலால், பயணி செலுத்தும் கட்டணம் அவர்களுடைய வாழ்வாதாரத்துக்கும் துணைசெய்கிறது.

பரிசலில் ஏறும்போது விளிம்பில் காலை ஊன்றினால் கலம் அந்தப் பக்கமே சாயும். ஆகையால் ஒருவர்பின் ஒருவராக நடுப்பகுதியில் கால் வைத்து இறங்கி, எடை சமமாகப் பரவும்படி வட்டமாக அமர்ந்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு உடுப்பை மாட்டினால் மட்டும் போதாது. வார்களை இறுக்கியபின் அதன் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும், அது மோவாய் வரை உயர்ந்துவிட்டால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்பதே பொருள். நடுநீரில் படம் எடுப்பதற்காக எழுந்து நிற்பதும், எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி எட்டிப் பார்ப்பதும், பரிசலை வேகமாகச் சுழற்றிக் காட்டும்படி ஓட்டுபவரை வற்புறுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பரிசல்காரர் முன்பக்கம் இருந்து துடுப்பைத் தம்மை நோக்கி இழுத்தே கலத்தை நகர்த்துகிறார். அவருக்கு எதிரே பார்வை மறையாதபடி இடம் விடுவது பயணிகளின் கடமை.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது, பவானி அணைகளால் ஆளப்படும் ஆறு என்பதை உணர்வதாகும். நீலகிரியில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடியைச் சுற்றி மீண்டும் தமிழகத்துள் நுழையும் இந்த ஆறு, பில்லூரில் தேங்கி, மேட்டுப்பாளையம் வழியாகப் பவானிசாகரை அடைந்து, பின்னர் பவானி கூடுதுறையில் காவிரியுடன் கலக்கிறது. பில்லூரில் மின் உற்பத்திக்காகவோ, 100 அடி கொண்ட நீர்மட்டம் 97 அடியை நெருங்கும்போது உபரியாகவோ நீர் திறக்கப்பட்டால், மேட்டுப்பாளையத்தில் ஒரு துளி மழை இல்லாத போதும் ஆறு திடீரென உயர்ந்துவிடும். கரையோரப் பாறைகளில் அமர்ந்திருந்தோரும் குளித்துக்கொண்டிருந்தோரும் இவ்வாறே அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றனர். ஆகவே வானம் தெளிந்திருக்கிறது என்பதை ஆற்றின் பாதுகாப்புக்கு அடையாளமாகக் கொள்ளாமல், மேலே அணை திறக்கப்பட்டுள்ளதா என்று உள்ளூராரைக் கேட்டறிந்த பின்னரே நீரில் இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை பொழியும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவைப்படுகிறது.

நனைந்தால் கனக்கும் ஜீன்ஸைத் தவிர்த்து விரைவில் உலரும் ஆடை அணிவதும், மாற்றுடை எடுத்துச் செல்வதும், கைப்பேசியை நீர்புகாப் பையில் இட்டு உடலோடு கட்டிக்கொள்வதும் பயன்தரும். நீர்த்தேக்கக் கரைக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வருவதால், உரத்த இசையும் கூச்சலும் கூடாது. நெகிழிப் பொருள்களைக் காட்டுக்குள் விட்டுவரக் கூடாது. இருட்டுவதற்கு முன்பே மலைப்பாதையைக் கடந்துவிட வேண்டும்.

விடுமுறைப் பயணிக்குக் களிப்பாகும் இக்கலம், இதே வட்டாரத்தில் பலருக்கு அன்றாடப் போக்குவரத்தாக இருந்து வந்துள்ளது. பவானிசாகரின் நீர்மட்டம் உயர்ந்து, சிறுமுகையை அடுத்த லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் இடையிலான பாலம் மூழ்கிய காலங்களில், அக்கரைக் கிராமத்தினர் பரிசலிலேயே வேலைக்கும் பள்ளிக்கும் சென்றனர். மாயாற்றின் அக்கரையிலுள்ள தெங்குமரஹாடா மக்களும் நெடுங்காலமாகப் பரிசலை நம்பியே ஆற்றைக் கடந்து வந்தனர். இத்தகைய மக்களிடம் தலைமுறைகளாகத் திரண்ட அறிவே பரிசல்காரரின் சொல்லில் வெளிப்படுகிறது. எனவே “இன்று வேண்டாம்” என்று அவர் மறுக்கும்போது, எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்தாலும், கூடுதல் பணம் காட்டி வாதாடாமல் கரையிலேயே நின்றுவிடுவதுதான் பயணி கடைப்பிடிக்க வேண்டிய தலையாய விதி.