பசி என்னும் துலாக்கோல்

நுழையும் முன்

'பசித்துப் புசி' என்பது தமிழர் வழங்கும் பழமொழி. பசித்த பின் உண்டால் உணவு தானே அளவோடு அமையும் என்பது அதன் கருத்து. ஆனால், அந்தப் பசியே அளவு தவறினால் என்ன ஆகும்? மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு இவ்வினாவுக்கு விடை தேடியது. அவ்வாய்வையும், உடல் எடைக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பையும் இப்பாடம் விளக்குகிறது.

ஊக்ளிக் கரையின் ஆலைகள்

கொல்கத்தா நகரை ஒட்டி ஊக்ளி ஆறு ஓடுகிறது. இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855ஆம் ஆண்டில், கொல்கத்தாவுக்கு வடக்கே அவ்வாற்றங்கரையில் உள்ள ரிஷ்ராவில் தொடங்கப்பெற்றது. அதன்பின் ஆற்றின் இரு கரைகளிலும் ஆலைகள் பெருகின. சாக்கும் கோணியும் கயிறும் அங்கிருந்து உலகெங்கும் சென்றன.

சணல் ஆலை என்பது பலவகை உழைப்புகள் கூடும் இடமாகும். ஒருவர் கொதிகலனுக்கு நிலக்கரி சுமப்பார். ஒருவர் தறியின் முன் நின்று நெய்வார். ஒருவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவார். ஒருவர் தொழிலாளரை மேற்பார்வையிடுவார். ஆலையை அடுத்த கடைத்தெருவில் வணிகர் நாள் முழுவதும் அமர்ந்தே விற்பனை செய்வார். அமர்ந்த வேலை முதல் மிகக் கடின வேலை வரை அனைத்தையும் ஒருங்கே காண்பதற்கு இதனினும் ஏற்ற இடம் அரிது.

213 பேரிடம் ஓர் ஆய்வு

பிரான்சில் பிறந்த ழான் மேயர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஊட்டச்சத்து அறிஞர். அவரும் அவருடைய குழுவினரும் எலிகளை நாள்தோறும் வெவ்வேறு நேரம் ஓடச் செய்து சோதித்த ஆய்வு 1954இல் வெளிவந்தது. ஓரளவு ஓடிய எலிகள், ஓடாத எலிகளைவிடக் கூடுதலாக உண்ணவில்லை என்பதை அவர்கள் கண்டனர். மனிதரிடமும் இது பொருந்துமா என்ற வினா எழுந்தது.

மேயர், பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகிய மூவரும் மேற்கு வங்க ஆலைத் தொழிலாளர் 213 பேரை ஆராய்ந்தனர். ஒவ்வொருவரும் உண்ணும் உணவின் கலோரி அளவு, உடல் எடை, செய்யும் வேலையின் கடுமை ஆகிய மூன்றும் ஒப்பிடப்பெற்றன. ஆய்வின் முடிவு 1956இல் அமெரிக்க மருத்துவ ஊட்டச்சத்து இதழ் ஒன்றில் வெளியாயிற்று.

மிதமான வேலை முதல் கடின வேலை வரை செய்தவரிடம், உழைப்பு கூடக் கூட உணவின் அளவும் கூடியது. ஆயினும் எடை ஏறவில்லை. உடலுக்கு வேண்டிய அளவையே பசி கேட்டு வாங்கியது. இது எதிர்பார்க்கத் தக்கதே.

வியப்பு மறுபுறத்தில் இருந்தது. உழைப்பு மிகக் குறைந்த, அமர்ந்தே பணிபுரிந்தவர் மிகக் குறைவாக உண்பர் என்றே எவரும் நினைப்பர். ஆனால் அவர்கள், இலேசான வேலை செய்தவரைக் காட்டிலும் மிகுதியாக உண்டனர்; அவர்களுடைய எடையும் மிகுந்திருந்தது.

இம்முடிவைத் துலாக்கோலோடு ஒப்பிடலாம். ஒரு தட்டில் உழைப்பு. மறு தட்டில் உணவு. உடல் ஓரளவேனும் இயங்கும் வரை பசி என்னும் முள் நேராக நிற்கிறது. இயக்கம் ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் முள் சாய்கிறது. தேவை குறைந்த பின்னும் பசி குறைவதில்லை.

லண்டன் பேருந்துகள் கூறிய செய்தி

எடை கூடுவது இதயத்தை எவ்வாறு தாக்கும்? கொல்கத்தாவிலும் ஒரு காலத்தில் ஓடிய ஈரடுக்குப் பேருந்து இவ்வினாவுக்கு வழிகாட்டியது. லண்டன் மாநகர ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார்; நடத்துநர் பயணச்சீட்டு வழங்க நாள் முழுவதும் படி ஏறி இறங்குவார். ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞரின் குழு 1953இல் வெளியிட்ட ஆய்வு, நடத்துநர்களிடம் இதயத் தமனி நோய் ஓட்டுநர்களைவிடக் குறைவு என்று காட்டியது.

அக்குழு 1956இல் மற்றொன்றையும் ஆராய்ந்தது. பணியாளர்களுக்கு வழங்கப்பெற்ற சீருடைகளின் அளவுக் குறிப்புகளைப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு நடத்துநர்களினும் பெரிதாக இருந்தது. இளம் வயதினரிடமே இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆகவே நோய்க்குக் காரணம் அமர்ந்த வேலை மட்டுமா, முன்பே இருந்த உடல்வாகும் சேர்ந்ததா என்ற ஐயம் எழுந்தது. சணல் ஆலை ஆய்வுக்கும் இவ்வெல்லை உண்டு. கடைக்காரரும் சுமை தூக்குபவரும் உழைப்பில் மட்டுமன்றி வருவாயிலும் வேறுபட்டவர்கள். ஓர் ஆய்வு வழியைக் காட்டும். பல ஆய்வுகள் சேர்ந்தே உண்மையை உறுதிப்படுத்தும். உடல் இயக்கம் இதயத்தைக் காக்கிறது என்பதைப் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

எடையும் இதயமும்

இதயம் கைம்முட்டியளவு தசை உறுப்பு. அது ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. உடலில் கொழுப்பு மிகும்போது, அதிலும் வயிற்றுப் பகுதியில் சேரும்போது, இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்தச் சர்க்கரை கூடுகிறது. தீய கொழுப்பு தமனிகளின் உட்சுவரில் படிகிறது. படிவு வளர்ந்து குருதியோட்டம் தடைப்படும்போது மாரடைப்பு நேர்கிறது.

உயரத்தோடு எடையை ஒப்பிட உடல் நிறை குறியீட்டெண் பயன்படுகிறது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோகிராம் எடையும் உடைய ஒருவருக்கு இவ்வெண் 25 ஆகும். இந்தியர் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் ஆளாகின்றனர். ஆகவே வயது வந்த இந்தியருக்கு இவ்வெண் 23ஐ எட்டினால் மிகை எடை என்றும், 25ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் மருத்துவர் கொள்கின்றனர். இடுப்புச் சுற்றளவு ஆடவருக்கு 90 செ.மீ.க்கும் மகளிருக்கு 80 செ.மீ.க்கும் உட்பட்டிருத்தல் நன்று. வளரும் சிறாருக்கு இவ்வெண்கள் பொருந்தா. அவர்களுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு.

மிகை எடை உடையோர் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீர்படத் தொடங்கும்.

தட்டும் திடலும்

கொல்கத்தாவின் உணவில் இரு பக்கங்கள் உண்டு. எண்ணெயில் பொரித்த லூச்சியும் கச்சோரியும், சர்க்கரைப் பாகில் ஊறிய ரசகுல்லாவும் ஒரு பக்கம். பருப்பும் மீனும் கீரையும், பல காய்கள் சேர்ந்த சுக்தோவும் மறுபக்கம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். பொரித்த பண்டம் சிறிதாயினும் ஆற்றல் மிகுவதற்கு இதுவே காரணம். லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழர் இல்லங்களிலும் இதே நிலைதான். இட்லியும் சாம்பாரும் வேறு. வடையும் அப்பளமும் வேறு. விழா நாள் பண்டம் விழா நாளுக்கே உரியதாக இருந்தால் தீங்கில்லை. தட்டில் பாதியைக் காய்கறியும் பழமும் நிரப்புதல் நல்லது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது.

வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைநடை போன்ற மிதமான பயிற்சி செய்ய வேண்டும் என்பதும், 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பதும் அவ்வமைப்பின் பரிந்துரையாகும். வைகறையில் மைதானத்திலும் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலும் நடப்போர் இதனைப் பொருட்செலவின்றிச் செய்கின்றனர். இதய நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே பயிற்சி தொடங்குதல் வேண்டும்.

மாணவர் எடையைக் குறைப்பதற்காக உணவைத் துறத்தல் தவறு. வளரும் உடலுக்கு உணவு தேவை. அவர்கள் குறைக்க வேண்டியது, திரையின் முன் அசையாது அமரும் நேரத்தையே. உடல் இயங்கினால் பசி தன் அளவை அறியும். அதன் பின்னரே 'பசித்துப் புசி' என்னும் முதுமொழி பயன் தரும்.

சொற்பொருள்

துலாக்கோல் – தராசு
கோணி – சணலால் நெய்த பை
தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாய்
குருதி – இரத்தம்
உடற்பருமன் – உடலில் கொழுப்பு மிகுந்த நிலை
வைகறை – விடியற்காலம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. இந்தியாவின் முதல் சணல் ஆலை ______ என்னும் ஊரில் தொடங்கப்பெற்றது.
2. ஒரு கிராம் கொழுப்பு ______ கலோரி தரும்.
3. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளுக்குச் சராசரியாக ______ நிமிடம் ஓடியாட வேண்டும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சணல் ஆலை இவ்வாய்வுக்கு ஏற்ற இடமாக அமைந்தது ஏன்?
2. ஆய்வு முடிவில் வியப்புக்குரியது யாது?
3. சீருடை அளவுகள் எழுப்பிய ஐயம் யாது?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. பசியைத் துலாக்கோலோடு ஒப்பிடுவதன் பொருத்தத்தை விளக்குக.
2. உடல் எடை மிகுவதால் இதயத்துக்கு நேரும் தீங்குகளைத் தொகுத்து எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
ஆற்றங்கரை, உடலுழைப்பு, முதுமொழி, இவ்வினா

உ. எதிர்ச்சொல் எழுதுக.
மிகுதி, கடினம், உயர்கிறது, நன்மை

ஊ. கணக்கிடுக.
1.50 மீட்டர் உயரமும் 54 கிலோகிராம் எடையும் உடைய வயது வந்த ஒருவரின் உடல் நிறை குறியீட்டெண் யாது? அவர் எப்பிரிவில் அடங்குவார்?

எ. செயல்பாடு
ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் அமர்ந்திருந்த நேரத்தையும் நடந்து விளையாடிய நேரத்தையும் அட்டவணையாக எழுதுக. அதனை வகுப்பில் படித்துக் காட்டி, அமரும் நேரத்தைக் குறைக்கும் வழிகளைக் கலந்துரையாடுக.