சொல் கேளாத கன்னிக் குட்டிக்கு விளையாட்டுப் பாடம்

கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் ஆகிய நாட்டு நாய்களைக் காவலுக்கென்று வாங்கி வளர்க்கும் விவசாயிகள் ஒரு குறை சொல்வதுண்டு. குட்டி நல்ல சுறுசுறுப்பு. ஆனால் கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் போக்கில் போய்விடுகிறது என்பார்கள்.

மேடவாக்கம் போன்ற ஊரில் இது சிறிய குறையல்ல. ஒரு புறம் ஓயாமல் வண்டிகள் ஓடும் வேளச்சேரி - தாம்பரம் சாலை. மற்ற புறங்களில் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் நன்மங்கலம் காப்புக்காடும். நடுவே வீடுகள் பெருகிவிட்ட இடத்தில் இன்னும் நாலு ஆடும் இரண்டு மாடும் வைத்திருப்போர் உண்டு. கூப்பிட்டு வராத நாய் இங்கே சாலையில் அடிபடும். இல்லையேல் அடுத்த வீட்டுக் கோழியைக் கவ்வும். முயலைத் துரத்திப் பிடித்தாலோ வம்பு வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். நாயை விட்டுத் துரத்திப் பிடிப்பதும் வேட்டைதான்.

இந்தக் குட்டிகளுக்குப் புத்தி குறைவு என்று எண்ணுவது தவறு. தென் மாவட்டங்களின் வெட்டவெளிகளில் முயலைக் கண்ணால் கண்டு, விரட்டிப் பிடிப்பதற்காகவே கன்னியும் சிப்பிப்பாறையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. (சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயர்.) நாய் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் உடையவர் வெகு தூரம் பின்னால் நின்றுவிடுவார். முயல் எந்தப் பக்கம் திரும்பும், எங்கே குறுக்கே பாயலாம் என்பதை நாயேதான் முடிவு செய்ய வேண்டும். ஆட்டுக்காரரின் சீட்டியை எதிர்பார்த்து வேலை செய்யும் மேல்நாட்டு மேய்ப்பு நாயின் பிறவிக் குணம் வேறு, இதன் குணம் வேறு. ஸ்டான்லி கோரன் என்ற உளவியல் பேராசிரியர் 1994இல் வெளியிட்ட நூலில், சொன்னதைச் செய்யும் திறனை வைத்து நாய் இனங்களை வரிசைப்படுத்தினார். முதலிடம் பார்டர் கோலி என்ற மேய்ப்பு நாய்க்கு. கடைசி இடம் ஆப்கான் ஹவுண்டுக்கு. ஆப்கான் ஹவுண்டும் நம் கன்னியைப் போலக் கண்ணால் பார்த்து ஓடும் வேட்டை நாயே. அந்த வரிசை கீழ்ப்படிதலைத்தான் அளந்தது. தானாக யோசித்து முடிவெடுப்பதை அளக்கவில்லை.

ஆகவே இப்படிப்பட்ட குட்டிக்கு அதட்டல் உதவாது. ‘இவர் சொல்வதைக் கேட்டால் நமக்கு லாபம்’ என்று அது தானே கணக்குப் போடும்படி செய்ய வேண்டும். அதற்கு விளையாட்டுதான் வழி.

இதை நான் அடித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். என் கன்னிக் குட்டி ஏழு மாதத்தில் வேலி இடுக்கில் புகுந்து சாலைப் பக்கம் ஓடிவிட்டது. அரை மணி நேரம் கத்தியபின் தானாகத் திரும்பி வந்தது. வந்ததும் ஆத்திரத்தில் கயிற்றால் இரண்டு வைத்தேன். அதன்பின் கூப்பிட்டால் பத்தடி தூரத்தில் நின்றுகொள்ளும், கைக்கு எட்டாது. ஓடியதற்காக நான் அடித்தேன். வந்ததற்காக அடி வாங்கியதாக அது நினைத்துக்கொண்டது. அந்தப் பத்தடியைக் கடக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

‘வா’ என்னும் விளையாட்டு

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நாள் செலவிட வேண்டும். குட்டி வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதத்திலேயே தொடங்கலாம். வீட்டார் இருவர் பத்தடி இடைவெளியில் குந்திக்கொள்ள வேண்டும். ஒருவர் பெயரைச் சொல்லி ‘வா’ என்று ஒரே ஒரு தடவை அழைக்க வேண்டும். வந்தவுடன் வேகவைத்த கோழி ஈரலோ முட்டையோ கடலைப்பருப்பு அளவு ஒரு துண்டு தர வேண்டும். பிறகு மற்றவர் அழைக்க வேண்டும். நாலைந்து தடவை ஓடியதும் நிறுத்திவிடலாம். குட்டி ‘இன்னும் வேண்டும்’ என்று நிற்கும்போதே நிறுத்துவது நல்லது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாளுக்கு மூன்று வேளை போதும். தரும் துண்டுகளை அன்றைய சோற்றில் கழித்துக்கொள்ள வேண்டும்.

துண்டைத் தருவதில் நேரம் முக்கியம். செய்த செயலுக்கும் கிடைத்த கூலிக்கும் இடையே ஓரிரு விநாடிக்கு மேல் போனால் எதற்காகக் கிடைத்தது என்று குட்டிக்குப் புரியாது. டால்பின்களைப் பழக்குவோர் இதற்காகவே விசில் ஊதுகிறார்கள். நீரில் தூரத்தில் இருக்கும் டால்பினுக்கு ‘நீ செய்தது சரி, மீன் வருகிறது’ என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். நாம் நாக்கைச் சொடுக்கி ‘டக்’ என்று ஒலி எழுப்பினால் போதும். ஒலி எழுப்பினால் துண்டு தவறாமல் கிடைக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘வாடா’ என்றும், பையன் ‘கம் ஹியர்’ என்றும், பாட்டி ‘சூ, இங்கே’ என்றும் அழைத்தால் குட்டி யார் பேச்சையும் கேட்காது. அதன்மேல் பிழையில்லை.

வீட்டுக்குள் பழகியபின் வெளியிடத்தில் முப்பதடி கயிற்றில் பழக்க வேண்டும். இந்த இனங்களுக்குத் தலை குறுகல். சாதாரணப் பட்டை காதைத் தாண்டி நழுவிவிடும். அகலமான பட்டையை இரண்டு விரல் மட்டும் நுழையும்படி கழுத்தின் மேற்பகுதியில் கட்ட வேண்டும். எதையாவது பார்த்துக் கழுத்தை நீட்டி, காதை நிமிர்த்தி, ஒரு முன்காலைத் தூக்கி நிற்கும் நொடியில் அழைக்க வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் அழைத்துப் பயனில்லை. அழைத்தவுடன் கட்டிப்போடுவதும் கூடாது. பத்தில் ஒன்பது தடவை துண்டைக் கொடுத்து ‘போ’ என்று திரும்ப விட்டுவிட வேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்துவிடுமோ என்ற அச்சம்தான் சுதந்திரமான குட்டியைத் தூரத்தில் நிறுத்துகிறது.

துரத்தும் ஆசைக்கு வடிகால்

துரத்துவது இவற்றின் ரத்தத்தில் ஊறியது. அதை அடக்க முடியாது, ஆனால் திருப்பிவிடலாம். ஆறடிக் கம்பின் நுனியில் கயிறு கட்டி, கயிற்று முனையில் கோணித் துண்டைக் கட்டித் தரையோடு இழுத்தால் குட்டி முயலைப் போலத் துரத்தும். துணியை உயரே தூக்கித் தாவ விடக்கூடாது. வளரும் கால் மூட்டுகளுக்குக் கெடுதல். முதலில் ‘உட்கார்’, உட்கார்ந்தால்தான் துணி அசையும். பிடித்தபின் கொஞ்சம் இழுக்க விட்டு, மூக்கின் அருகே ஈரல் துண்டைக் காட்டி ‘விடு’ என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்ததும் துண்டைக் கொடுத்து, துணியையும் மறுபடி ஓட விட வேண்டும். விட்டால் இரட்டிப்பாகக் கிடைக்கிறது என்று தெரிந்த குட்டி, பின்னாளில் வாயில் கவ்விய கோழிக் குஞ்சையும் விடும். பிடுங்கிப் பழக்கினால் விழுங்கத்தான் கற்றுக்கொள்ளும்.

மழை நாளில் கொட்டிலுக்குள்ளேயே தேடும் விளையாட்டு ஆடலாம். வைக்கோலில் துண்டுகளை ஒளித்து வைத்து ‘தேடு’ என்றால் கால் மணி நேரத்தில் ஓடிக் களைத்ததுபோல் படுத்துவிடும். குழந்தைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து அழைக்கும் கண்ணாமூச்சியும் நல்லது. அதில் ‘வா’ பாடமும் சேர்ந்துவிடுகிறது.

‘கை கொடு’, ‘சுற்று’ போன்ற வித்தைகளைச் சிலர் வீண் என்பார்கள். வீணல்ல, மனிதரின் கையையும் முகத்தையும் கவனிக்கும் பழக்கம் அதனால் வரும். துண்டை மூக்கின் முன் வைத்து வட்டமாக நகர்த்தினால் குட்டி சுற்றிவிடும். ‘வணக்கம்’ இன்னும் எளிது. தூங்கி எழும் குட்டி முன்காலை நீட்டிப் பின்புறம் உயர்த்திச் சோம்பல் முறிக்கும் அல்லவா? ஒவ்வொரு தடவையும் அந்த நொடியில் ‘வணக்கம்’ என்று சொல்லித் துண்டு கொடுத்தால் சில வாரங்களில் சொன்னவுடன் குனியும்.

காது கேட்கிறதா?

ராஜபாளையம் குட்டி வைத்திருப்போர் இதை முதலில் பார்க்க வேண்டும். 2005இல் தபால்தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய இனம் அது. ஆனால் அதன் வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வருகிறது. உட்காதில் நிறமி அணுக்கள் இல்லாமல் போவதே காரணம். குட்டி தூங்கும்போது, அது பார்க்காதபடியும் தரை அதிராதபடியும் சற்றுத் தள்ளி நின்று டம்ளரைத் தட்டிப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேளாத குட்டி, ஒலி வந்த திசை தெரியாமல் சுற்றுமுற்றும் பார்க்கும். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சென்னைப் பகுதியினர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். செவிட்டுக் குட்டிக்கும் இதே விளையாட்டுகளைக் கைச்சாடையால் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் சாலையோர வீட்டில் அதைக் கயிறின்றி வெளியே விடக்கூடாது.

கோழிக்கும் ஆட்டுக்கும் பழக்கும்போது கயிறு கையிலேயே இருக்க வேண்டும். இருபதடித் தூரத்தில் உட்கார வைத்து, ஆட்டைப் பார்த்துவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் துண்டு கொடுத்து, நாளுக்கு ஓரடியாக நெருங்கலாம். ஒன்றரை வயது வரை கயிறு இல்லாமல் தனியே ஆட்டோடு விடுவது ஆபத்து.

வயிறு நிறையச் சோறு போட்டவுடன் ஓட விடக்கூடாது. நெஞ்சு ஆழமான இந்த நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரலாம். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பும், மாலை வெயில் தணிந்து தார் சூடு ஆறிய பின்பும்தான் விளையாட்டு. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தவணைப்படி தொடர வேண்டும். விளையாட்டில் குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.