வினைல் ரெக்கார்டு அடிக்கப் போறீங்களா? ஆலையை இப்படித் தேர்ந்தெடுங்க

சொந்தமா ஆல்பம் வெளியிடுறவங்களுக்கு மும்பையில் சமன்வி, செக் நாட்டில் ஜிஇசட் மீடியா என்று ஆலைகள் இருக்கு. கொட்டேஷன் வாங்கினதும் ஒரு தட்டின் விலையை மட்டும் பார்க்காதீங்க.

மாஸ்டர் வெட்டுவது, ஸ்டாம்பர் செய்வது, டெஸ்ட் பிரஸ்ஸிங் எல்லாம் நிலையான செலவு. 100 தட்டு அடிச்சாலும் 300 அடிச்சாலும் பெரிசா மாறாது.

உதாரணத்துக்கு, நிலையான செலவு ரூ.1,00,000, தட்டுக்கு ரூ.600, விற்பனை விலை ரூ.2,000 என்று வைப்போம்.

• 100 தட்டு: அடக்கவிலை ரூ.1,600. எல்லாம் வித்தா மிச்சம் ரூ.40,000.
• 300 தட்டு: அடக்கவிலை ரூ.933 தான். ஆனா 150 மட்டும் வித்தா கையில் மிச்சம் ரூ.20,000. மீதி 150 தட்டு பரண்மேல!

அதனால முதல்ல முன்பதிவு எடுங்க. அந்த எண்ணிக்கைக்கு ஒத்துவர்ற குறைந்தபட்ச ஆர்டர் உள்ள ஆலையைப் பாருங்க.

அடுத்து, விக்கிரவாண்டியில் உங்க வீட்டு வாசல் வரை வந்து சேரும் மொத்தச் செலவைக் கேளுங்க. இறக்குமதின்னா சுங்க வரி உங்க செலவுதான். ஐஜிஎஸ்டியை, ஜிஎஸ்டி பதிவு இருந்தா உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம்.

டெஸ்ட் பிரஸ்ஸிங்கைக் கேட்டு ஓகே சொன்ன பிறகுதான் மீதிப் பணம் என்று எழுத்தில் வாங்கிக்கோங்க. உங்க கொட்டேஷனில் சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க.