துள்ளலும் வேணும், நிதானமும் வேணும்: நம்ம ஊர்ப் பாதைக்கு எந்த சைக்கிள்?

சைக்கிள் வாங்கப் போகிற நண்பர்களிடம் "எப்படிப்பட்டது வேணும்?" என்று கேட்டுப் பாருங்க. எத்தனை கியர், முன்னாடி சஸ்பென்ஷன் இருக்கா, டயர் எவ்வளவு தடிமன், என்ன கலர் – பதில் இந்த நாலில் முடிந்துவிடும். ஆனால் ஓட்டும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிற எண்கள் வேறு. அவை கடையின் விலை அட்டையில் இருக்காது. முதலாமாண்டு மெக்கானிக்ஸ் படித்த யாரும் அவற்றைக் கணக்குப் போட்டுவிடலாம். வீட்டிலிருந்து பத்துப் பதினைந்தாயிரம் கேட்டு வாங்குவதற்கு முன்னால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லதுதானே!

முதலில் பாதையைப் பாருங்க

பாளையங்கோட்டையிலிருந்து கொற்கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதாக வைத்துக்கொள்வோம். செய்துங்கநல்லூர், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆற்றோடு கூடவே போகிற பாதை என்பதால் பெரிய ஏற்றம் கிடையாது. ஆனால் தரை மாறிக்கொண்டே இருக்கும். நல்ல தார்ச்சாலை வரும், ஊருக்குள் வேகத்தடையும் பள்ளமும் வரும், ஆற்றுப் பக்கம் இறங்கினால் வாய்க்கால் கரை மண்பாதை. கொற்கையில் பாண்டியர் துறைமுகம் இருந்த இடத்தில் இன்று குளமும் வயலும்தான். கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. அங்கிருந்து தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் போனால் தேரிக்காட்டுச் செம்மணல். இதே வண்டியோடு மேற்கே திரும்பினால் பாபநாசத்துக்கு மேல் மலைச்சாலை. ஆக, நமக்கு வேண்டியது எல்லாத் தரைக்கும் ஓரளவு ஒத்துவருகிற ஒரே வண்டி.

இரண்டு குணம், ஒரே வண்டி

நிதானம் என்றால், இறக்கத்தில் வேகம் கூடும்போதும், சிறு கல் தட்டும்போதும் ஹேண்டில்பார் ஆடாமல் நேராகப் போவது. துள்ளல் என்றால், பள்ளத்தைப் பார்த்ததும் லேசாகச் சாய்த்தாலே விலகுவது, மிதித்தவுடன் முன்னே பாய்வது. ஒன்றைக் கூட்டினால் மற்றது கொஞ்சம் குறையும்.

பனிமலையில் ஸ்கீ வாங்குகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். காஷ்மீரின் குல்மார்க் போன்ற இடத்தில், அழுத்திச் சமன்செய்த பனியும் உண்டு, புதிதாக விழுந்த பொலபொலப்பான பனியும் உண்டு. நீளமும் விறைப்பும் கூடிய ஸ்கீ வேகத்தில் அதிராது. பக்கவாட்டு வளைவின் ஆரம் சிறிதாக இருந்தால் சட்டென்று திரும்பும். எல்லா இடத்துக்கும் ஒன்று என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைத் தேட வேண்டியதுதான். சைக்கிளில் அந்த நடு அளவைத் தேட உதவும் முதல் எண்ணுக்குப் பெயர் ட்ரெயில்.

ட்ரெயில்: கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஹேண்டில்பார் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சை அப்படியே தரைவரை நீட்டுங்க. அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். இந்த இடைவெளிதான் ட்ரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் எப்போதும் பின்னால் இழுபட்டு நேராகிக்கொள்கிறது அல்லவா, அதே வேலையை இதுவும் செய்கிறது.

சூத்திரம் எளிது. சக்கரத்தின் ஆரத்தை ஹெட் ஆங்கிளின் கோசைனால் பெருக்குங்க. அதிலிருந்து ஃபோர்க் ஆஃப்செட்டைக் கழித்து, வருவதை அதே கோணத்தின் சைனால் வகுங்க. டயரோடு சேர்த்து ஆரம் 346 மி.மீ., ஆஃப்செட் 45 மி.மீ. என்று வைத்துக்கொண்டால்:

ஹெட் ஆங்கிள் 73 டிகிரி – ட்ரெயில் சுமார் 59 மி.மீ.
ஹெட் ஆங்கிள் 71 டிகிரி – சுமார் 72 மி.மீ.
ஹெட் ஆங்கிள் 68 டிகிரி – சுமார் 91 மி.மீ.

ஐந்து டிகிரி வித்தியாசத்தில் ட்ரெயில் ஒன்றரை மடங்கு! 59 ரேஸ் சைக்கிளின் குணம்: விரல் அசைத்தால் திரும்பும், மண்பாதையில் பதற்றமாக இருக்கும். 91 மலைச் சைக்கிளின் குணம்: கரடுமுரடில் அசையாது, மார்க்கெட் நெரிசலில் மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் தானே ஒரு பக்கம் விழுவது போல இருக்கும். நம்ம பாதைக்கு 65 முதல் 75 வரை வசதி.

ட்ரெயில் மட்டுமே எல்லாம் என்று நினைக்க வேண்டாம். 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்பவர் ஓட்டவே முடியாத சைக்கிளைச் செய்ய முயன்றார். சக்கரத்தின் கைரோ விளைவை ரத்து செய்தும் வண்டியை ஓட்ட முடிந்தது. ட்ரெயிலை எதிர்ப்பக்கமாக்கியபோதுதான் ஓட்டம் சிரமமானது. ஆனால் 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைரோ விளைவும் இல்லாமல், ட்ரெயிலும் எதிர்ப்பக்கமாக இருக்க, ஆளில்லாமலே சாயாமல் ஓடுகிற ஒரு மாதிரி வண்டியைச் செய்து காட்டினார்கள். எடை எங்கே அமர்கிறது என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது.

வீல்பேஸும் டயரும்

இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம் வீல்பேஸ். கூடினால் நிதானம், குறைந்தால் துள்ளல். நம்ம தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளைப் பாருங்க. 1949-ல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் மாதிரி வண்டிகள் அவை. நீளமான வீல்பேஸ், நன்றாகச் சாய்ந்த ஃபோர்க். அதனால்தான் கேரியரில் வாழைத்தார் கட்டியும் வரப்போரம் ஆடாமல் போக முடிந்தது. சுமை தூக்க அது ராஜா. சட்டென்று ஒதுங்கச் சொன்னால் யோசிக்கும். நமக்கு 1,050 மி.மீ.யை ஒட்டி இருந்தால் போதும்.

டயர் 35 முதல் 42 மி.மீ. அகலம் சரி. காற்றையும் தரைக்கு ஏற்ப மாற்றணும். சுமார் 60 கிலோ எடையுள்ளவருக்கு 38 மி.மீ. டயரில் தார்ச்சாலைக்கு 50 பி.எஸ்.ஐ., கரைப்பாதைக்கு 40-ஐ ஒட்டி வைத்துப் பாருங்க. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம். கல்லுப் போல் காற்றடித்தால் வேகம் என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை. மண்பாதையில் டயர் குதித்துக் குதித்தே சக்தியை வீணாக்கும். தேரி மணலில் மட்டும் இந்த டயரும் புதையும். அங்கே இறங்கித் தள்ளுங்க, வேறு வழியில்லை.

சஸ்பென்ஷன் தேவையா?

விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க், சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கனம். மிதிக்கிற சக்தியில் கொஞ்சம் ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடும். இன்னொன்றையும் கவனியுங்க: முன் பிரேக் பிடித்தால் ஃபோர்க் அமுங்கும், ஹெட் ஆங்கிள் நிமிரும், ட்ரெயில் குறையும். நிதானம் அதிகம் வேண்டிய நேரத்தில் அது குறைகிறது! அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடுவது லாபம்.

கடையில் செய்ய வேண்டியது

கம்பெனி தளத்தில் ஜியோமெட்ரி அட்டவணை இருந்தால் ஹெட் ஆங்கிள், ஆஃப்செட், வீல்பேஸ் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்க. இல்லையென்றால், சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, செல்போனின் கோணமானி ஆப்பை ஹெட் டியூபில் வைத்துப் பாருங்க. வீல்பேஸுக்கு ஒரு டேப் போதும்.

பிறகு ஓட்டிப் பாருங்க. நடக்கிற வேகத்தில் தரையில் ஒரு கோட்டைப் பிடித்து நேராகப் போக முடிகிறதா? இரண்டு கார் அகலத்துக்குள் எட்டுப் போட முடிகிறதா? போக்குவரத்து இல்லாத ஒரு சரிவில், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் லேசாக இருக்க, வண்டி நேராக இறங்குகிறதா? முதல் இரண்டும் துள்ளலுக்கான பரீட்சை, மூன்றாவது நிதானத்துக்கு. மூன்றிலும் பாஸானால் கியர் ஏழா இருபத்தொன்றா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஏற்கனவே சைக்கிள் வைத்திருக்கிறீர்களா? இந்த வாரமே அதன் ட்ரெயிலைக் கணக்கிட்டு, பக்கத்து அறை நண்பரின் வண்டியோடு ஒப்பிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்க. வித்தியாசம் கையிலேயே தெரியும்.