அருகில் நிற்கும் அன்பு

மாணவர்களே! நம் முன்னோர் பெற்ற தாயை நற்றாய் என்றும், வளர்த்த தாயைச் செவிலித்தாய் என்றும் வழங்கினர். தான் பெறாத மகவையும் தன் மகவெனவே பேணுதல் செவிலியின் இயல்பு. பண்டை இலக்கியங்களில் பயின்றுவரும் அப்பெயரையே, மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணுவோர்க்கு இக்காலத்தார் இட்டு வழங்குகின்றனர். அது மிகப் பொருத்தமான பெயராகும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்கின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு ‘உழைச்செல்வான்’ என ஒருவனையும் அவர் சேர்த்துக் கூறுகின்றார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து பணிபுரிவோனே உழைச்செல்வான். அவன் இல்லையேல் ஏனை மூன்றும் இருந்தும் மருத்துவம் நிறைவுறாது என்பது கருத்து.

இதன் உண்மையை நான் ஓர் இரவில் கண்டேன். புதுச்சேரி நகரின் ஒரு பகுதியாகிய சாரத்தில் என் அண்டைவீட்டு மூதாட்டி ஒருவர் கடுங்காய்ச்சலுற்று மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். அவருடைய மகனுக்குத் துணையாக நானும் சென்றிருந்தேன். நள்ளிரவிற் செவிலி ஒருவர் வந்து நாடி பார்த்தார், மருந்து கொடுத்தார், படுக்கைப்புண் உண்டாகாவண்ணம் மூதாட்டியை மெல்ல ஒருபுறமாகத் திருப்பிப் படுக்கவைத்தார். பின்னர்த் தாழ்வாரத்திற்கு வந்து, கலங்கியிருந்த மகனை நோக்கி, “அண்ணா, அம்மாவுக்குக் காய்ச்சல் தணிந்து வருகிறது. நீங்கள் காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை போலும். சென்று உண்டு வாருங்கள், அதுவரை நான் அருகில் இருக்கிறேன்” என்றார். தாய்க்கு அளித்தது மருந்து; மகனுக்கு அளித்தது ஆறுதல். இரண்டும் செவிலியின் கடமையே என்பதை அன்று உணர்ந்தேன்.

இக்கடமையை உலகிற்கு நன்கு உணர்த்தியவர் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். 1854ஆம் ஆண்டில் கிரிமியப் போர் நிகழ்ந்தபொழுது அவர் 38 செவிலியருடன் துருக்கிக்குச் சென்று, புண்பட்ட வீரரைப் பேணினார். இரவிற் கைவிளக்கேந்தி ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்து வந்தார். இறந்த வீரரின் இல்லத்தார்க்கு ஆறுதல் கூறி மடல்கள் எழுதினார். அவர் பிறந்த மே 12ஆம் நாளே உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இனி, நமக்கு அண்மையில் வாழ்ந்த செவிலி ஒருவரைக் காண்போம். நம் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த மாகி, மேற்குக் கடற்கரையில் கேரள நிலத்தால் சூழப்பட்டு விளங்குவதை நீங்கள் அறிவீர்கள். அதனை அடுத்துள்ள கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் அரசு மருத்துவமனையிற் பணியாற்றியவர் லினி என்னும் செவிலி. அவர்தம் பெயரோடு வழங்கும் குடும்பப்பெயர், ‘புதுச்சேரி’ என்னும் நம் ஊர்ப்பெயரின் மலையாள வடிவமேயாகும்.

2018ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இளைஞர் ஒருவர் காய்ச்சலுடன் அம்மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவரைப் பற்றியது நிபா என்னும் கொடுநோய் என்பதை அப்பொழுது எவரும் அறிந்திலர். அந்நோயின் கிருமி பழந்தின்னி வௌவால்களிடத்து வாழ்வது. நோயாளியின் எச்சில் முதலியவற்றால் அருகிலிருப்போரையும் பற்றுவது. லினி தம் கடமைப்படி அவ்விளைஞருக்குப் பணிவிடை செய்தார். சில நாட்களில் அவரையே அந்நோய் பற்றிக்கொண்டது.

அவர்தம் இரு குழந்தைகளும் மிகச் சிறியவர்கள். கணவர் பஹ்ரைன் நாட்டிற் பணிபுரிந்து வந்தார். பிழைத்தல் அரிதென உணர்ந்த லினி, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவாறே கணவருக்குச் சில வரிகள் எழுதினார். இனிக் காண இயலுமெனத் தோன்றவில்லை என்றும், குழந்தைகளை நன்கு காக்க வேண்டும் என்றும், தமக்குப் பின் தனித்து வாழலாகாது என்றும் அதில் அவர் வேண்டியிருந்தார். சாகும் வேளையிலும் தம் துன்பத்தை எண்ணாது, பிறர் வாழ்வையே எண்ணிய உள்ளம் அது. மே 21ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். நோய் பரவாதிருத்தற்பொருட்டு அவர் உடல் இல்லத்திற்குக் கொண்டுசெல்லப்படாமல் எரியூட்டப்பெற்றது. அவ்வாண்டு நிபா நோயால் கேரளத்தில் 17 பேர் மாண்டனர்.

இவ்வரலாற்றில் நாம் நாணத்தக்க ஒரு பகுதியும் உண்டு. அந்நாட்களில் பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியரைப் பேருந்தில் உடன் வந்தோர் விலக்கினர். ஆட்டோ ஓட்டுநர் சிலர் ஏற்ற மறுத்தனர். நாம் நோயுற்றுக் கிடக்கும்பொழுது நம் அருகில் வர அஞ்சாதவரை, அவர் வீடு திரும்பும்பொழுது நம் அருகில் வரவொட்டாது தடுத்தல் எத்தகைய நன்றிகோறல்! நோய்க்கு அஞ்சுதல் அறிவுடைமையே. ஆயினும் நோய் பரவும் வழியை அறிந்து தற்காத்துக்கொள்ளுதல் வேறு, தொண்டு செய்வோரை வெறுத்து ஒதுக்குதல் வேறு.

மாணவர்களே! லினியைப் போற்றிப் பேசுதல் மட்டும் போதாது. செவிலியர்க்குக் கையுறை, முகவுறை முதலிய காப்புகளும் போதிய ஓய்வும் குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும். அவற்றை அளித்தல் ஆள்வோர் கடமை. மருத்துவமனைக்குச் செல்லும்பொழுது கைகளைத் தூய்மை செய்தல், உரக்கப் பேசாதிருத்தல், செவிலியரை இன்சொல்லால் விளித்தல் ஆகியவை நம் கடமை. அவர்கள் நம் துன்பக்காலத்தில் நம் அருகில் நிற்கின்றனர். அவர்தம் துன்பக்காலத்தில் அவர் அருகில் நாம் நிற்றலே அவர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.