சிறு பட்டறையில் பிளாஸ்மா வெட்டுமேசை: நாமே செய்யத் தக்கவை, சிக்கனம் கூடாதவை

எஃகுத் தகட்டை வேண்டிய வடிவில் வெட்டுவது பொறியியல் தொழில்கள் பலவற்றுக்கும் முதற்படியாகும். கதவு, கிராதி, டிராக்டர் இழுவைப்பெட்டி, கதிரடிக்கும் இயந்திரம், தண்ணீர்த்தொட்டி ஆகிய எதுவாயினும் தகட்டிலிருந்தே தொடங்குகிறது. லூதியானா, ராஜ்கோட், ஹௌரா, கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களிலும், சிற்றூர்ச் சாலையோரங்களிலும் உள்ள பட்டறைகள் பலவற்றில் இவ்வேலை இன்றும் சாக்குக்கட்டியால் கோடிட்டு, கேஸ் கட்டரைக் கையால் நகர்த்தியே நடைபெறுகிறது. ஒரே உறுப்பை நூறு முறை வெட்ட வேண்டியிருப்பின், நூறும் சற்றே வேறுபடுகின்றன. பின்னர் அவற்றைக் கிரைண்டரில் தேய்த்துச் சீராக்கும் நேரம் வெட்டிய நேரத்தினும் மிகுந்துவிடுகிறது.

இக்குறையை நீக்கவல்லது கணினியின் எண்முறைக் கட்டுப்பாட்டில் இயங்கும் பிளாஸ்மா வெட்டுமேசை, அதாவது சி.என்.சி. பிளாஸ்மா மேசை. இதன் பெரும்பகுதியைத் தேர்ந்த தொழிலாளர் தம் பட்டறையிலேயே உருவாக்க இயலும். எனினும் எல்லாவற்றையும் மலிவாக முடித்துவிடலாம் என எண்ணுவது தவறு. எவ்வெவற்றை நாமே செய்யலாம், எவற்றில் சிக்கனம் கேடு விளைவிக்கும் என்பதைப் பிரித்தறிவதே இத்துறையின் முதற்பாடம்.

பிளாஸ்மா வெட்டும் முறை

கேஸ் கட்டரில் இரும்பு உருகுவதோடு ஆக்சிஜனில் எரிந்தும் போகிறது. ஆகவே அம்முறை சாதாரண எஃகுக்கே பொருந்தும். துருப்பிடிக்காத எஃகிலும் அலுமினியத்திலும் உண்டாகும் ஆக்சைடு, உலோகத்தைவிட உயர்ந்த வெப்பநிலையில்தான் உருகும். எனவே அவை அம்முறையில் வெட்டுப்படுவதில்லை. பிளாஸ்மா முறையில், டார்ச்சினுள் இருக்கும் மின்முனைக்கும் தகட்டுக்கும் இடையே மின்வில் எழுப்பப்படுகிறது. அவ்வில் நாசிலின் சிறு துளை வழியே காற்றுடன் நெருக்கித் தள்ளப்படும்போது, காற்று அயனியாகி ஏறத்தாழ 20,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அது உலோகத்தை உருக்கி, உருகியதை ஊதித் தள்ளுகிறது. மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் எதுவாயினும் இவ்வாறு வெட்டலாம். இம்முறைக்கான அமெரிக்கக் காப்புரிமை 1957-இல் வழங்கப்பட்டது. எண்முறைக் கட்டுப்பாட்டில் இயங்கிய மில்லிங் இயந்திரம் அதற்கு முன்னரே, 1952-இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. இவ்விரண்டின் இணைப்பே நாம் இங்குக் காணும் மேசை.

சட்டகம்: நாமே செய்யத் தக்கது

உலோகத்தைச் செதுக்கும் இயந்திரங்களில் வெட்டுளி பொருளின்மீது பெரும் விசையைச் செலுத்துகிறது. அதனால் அவற்றுக்குக் கனத்த வார்ப்பிரும்பு உடல் வேண்டும். பிளாஸ்மா டார்ச்சோ தகட்டைத் தொடுவதே இல்லை. டார்ச்சைச் சுமந்து செல்லும் குறுக்குப்பாலம் தன் எடையைத் தாங்கி, விரைந்து திரும்பும்போது அதிராமல் இருந்தால் போதும். சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டகம் அமைப்பது சிறு பட்டறைக்கு இயல்வதன் காரணம் இதுவே.

ஆயினும் மேசையின் சுமையைக் கணக்கிட வேண்டும். 1250 மி.மீ. அகலமும் 2500 மி.மீ. நீளமும் 6 மி.மீ. கனமும் உள்ள எஃகுத் தகடு ஒன்றின் எடை ஏறத்தாழ 147 கிலோகிராம். அதே பரப்பில் 100 மி.மீ. ஆழத் தண்ணீர்த் தட்டு வைத்தால், தண்ணீர் மட்டுமே 312 கிலோகிராம். ஆகவே சுமை தாங்கும் மேசையையும், பாலம் ஓடும் தண்டவாளங்களையும் தனித்தனியே அமைப்பது நல்லது. தகட்டை வீசி இறக்கும்போது ஏற்படும் அதிர்ச்சி தண்டவாளத்தை எட்டாது. தண்டவாளங்கள் இணையாக உள்ளனவா என்பதை இரு மூலைவிட்டங்களையும் அளந்து சரிபார்க்கலாம். அவை சமமாயின் மேசை செங்கோணத்தில் உள்ளது. பாலத்தின் இருபுறமும் ஒவ்வொரு மோட்டார் பொருத்துவது, அது கோணலாக ஓடாமல் காக்கும்.

இயக்கத்தின் கணக்கு

பாலத்தை நகர்த்தப் பெரிதும் பயன்படுவது ஸ்டெப்பர் மோட்டார். இது ஒவ்வொரு மின்துடிப்புக்கும் குறித்த கோணம் மட்டுமே சுழலும். ஒரு சுற்றுக்கு 200 படிகள். மாணவர்கள் பின்வரும் எடுத்துக்காட்டைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பல்சட்டத்தின்மீது ஓடும் பற்சக்கரத்துக்கு 20 பற்கள், பல்லளவு 1 மி.மீ. எனில், ஒரு சுற்றில் பாலம் 62.8 மி.மீ. நகரும். மோட்டாருக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே பெல்ட் வழியாக மூன்றுக்கு ஒன்று என வேகம் குறைக்கப்படுகிறது. ஒவ்வொரு படியும் எட்டு நுண்படிகளாகப் பகுக்கப்படுகிறது. அப்போது ஒரு சுற்றுக்கு 4,800 துடிப்புகள். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 76 துடிப்புகள். நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓட, நொடிக்குச் சுமார் 7,640 துடிப்புகள் தேவை. மோட்டார் அப்போது நிமிடத்துக்கு 290 சுற்றுகளுக்குக் குறைவாகவே சுழலும். இவ்வேகத்தில் ஸ்டெப்பர் மோட்டார் தன் இழுவலிமையை இழப்பதில்லை.

துடிப்புகளை அனுப்பும் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனம் 1990-களில் உருவாக்கிப் பொதுவுடைமையாக விட்ட நிரலிலிருந்து வளர்ந்த லினக்ஸ்சி.என்.சி. இலவசமாகக் கிடைக்கிறது. வரைபடத்தைக் கணினியில் தீட்டி, அதனை ஜி-குறியீடு எனப்படும் கட்டளை வரிகளாக மாற்றினால், மேசை அவ்வரிகளைப் பின்பற்றும்.

சிக்கனம் கூடாத இடங்கள்

முதலாவது, டார்ச்சின் உயரக் கட்டுப்பாடு. தகடு தட்டையாக இருப்பதில்லை. வெட்டும்போது சூட்டால் மேலும் வளைகிறது. டார்ச் தகட்டுக்கு மேல் ஏறத்தாழ 1.5 மி.மீ. உயரத்தில் செல்ல வேண்டும். துளையிடத் தொடங்கும்போது மட்டும் 3 முதல் 4 மி.மீ. வரை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் தெறிக்கும் உருகிய உலோகம் நாசிலைக் கெடுக்கும். மின்வில்லின் நீளம் கூடினால் அதன் மின்னழுத்தமும் கூடும். இவ்வழுத்தத்தை அளந்து டார்ச்சை ஏற்றி இறக்குவதே உயரக் கட்டுப்பாட்டுக் கருவியின் பணி. மூலைகளில் வேகம் குறையும்போது வெட்டு அகன்று அழுத்தம் உயரும். கருவி அதனைத் தவறாக உணர்ந்து டார்ச்சைத் தகட்டில் மோதச் செய்யும். எனவே மூலைகளில் இக்கட்டுப்பாட்டை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இரண்டாவது, மின்குறுக்கீடு. சில பிளாஸ்மா கருவிகள் உயர் அதிர்வெண் பொறியால் வில்லை எழுப்புகின்றன. அப்பொறி அருகிலுள்ள கணினியையும் மோட்டார்களையும் நிலைகுலையச் செய்யும். பாதி வெட்டில் மேசை வழிதவறித் தகடு வீணாகும். ஆகவே தொடுமுறையில் வில் எழுப்பும் கருவியைத் தேர்வதும், உறையிட்ட கம்பிகளைப் பயன்படுத்துவதும், மேசைக்குத் தனி எர்த் கம்பி பதிப்பதும் அவசியம். எர்த் இணைப்பு இயந்திரத்தை மட்டுமன்றித் தொழிலாளியின் உயிரையும் காப்பது.

மூன்றாவது, உலர்ந்த காற்று. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் ஈரமோ எண்ணெயோ இருந்தால், மின்முனையும் நாசிலும் விரைவில் தேய்ந்துவிடும். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இத்தேய்மானம் மிகும். நீர்பிரிப்பானுக்கும் உலர்த்திக்கும் செய்யும் செலவு, மாற்றுறுப்புகளின் சேமிப்பாகத் திரும்பி வரும்.

வெட்டும் ஒழுங்கு

ஒரே மேசையில் ஒருவர் வெட்டியது சீராகவும் மற்றொருவர் வெட்டியது கோணலாகவும் அமைவதற்கு இயந்திரம் காரணமன்று, முறையே காரணம். வெட்டின் அகலம் 1.5 மி.மீ. எனில், 100 மி.மீ. சதுரத்தைக் கோட்டின்மீதே வெட்டினால் கிடைப்பது 98.5 மி.மீ. சதுரமே. பாதி அகலம் வெளியே தள்ளிப் பாதையை அமைக்க வேண்டும். டார்ச்சினுள் காற்று வலஞ்சுழியாகச் சுழல்வதால், செல்லும் திசைக்கு வலப்பக்க விளிம்பு நேராகவும் இடப்பக்க விளிம்பு சாய்வாகவும் அமையும். எனவே வெளி விளிம்பை வலஞ்சுழியாகவும், உள் துளைகளை இடஞ்சுழியாகவும் வெட்ட வேண்டும். துளைகளை முதலிலும் வெளி விளிம்பை இறுதியிலும் வெட்டினால் உறுப்பு இடம் பெயராது. தகட்டின் அடியில் தடித்து எளிதில் உதிரும் கசடு இருந்தால் வேகம் குறைவு; மெல்லியதாய் இறுகிப் பிடித்த கசடு இருந்தால் வேகம் மிகுதி. தகட்டின் கனத்தினும் சிறிய துளைகளை இம்முறையில் திருத்தமாக வெட்ட இயலாது. அவற்றை டிரில்லால் துளைப்பதே முறை.

தொழிலாளியின் நுரையீரல்

மேசையின் விலைப்பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது புகை வெளியேற்றம். துருப்பிடிக்காத எஃகை வெட்டும்போது எழும் புகையில் நச்சுத் தன்மையுள்ள ஆறு இணைதிறக் குரோமியம் உள்ளது. துத்தநாகப் பூச்சுத் தகட்டின் புகை காய்ச்சலை உண்டாக்கும். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, வெல்டிங் புகையைப் புற்றுநோய் விளைவிப்பதென 2017-இல் வகைப்படுத்தியது. உலோகத்தை உருக்கி எழும் பிளாஸ்மாப் புகையையும் அதே எச்சரிக்கையுடன் கருத வேண்டும். மேசைக்கு அடியிலிருந்து புகையை இழுக்கும் விசிறியோ, தண்ணீர்த் தட்டோ கட்டாயம் வேண்டும். ஆனால் அலுமினியத்தைத் தண்ணீரின்மீது வெட்டுவது ஆபத்தானது. உருகிய அலுமினியம் தண்ணீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். அது தகட்டின் அடியில் தேங்கி வெடிக்கக்கூடும். நிறக்கண்ணாடியும் காதடைப்பானும் எந்நாளும் தேவை.

அலுவலருக்கும் மாணவர்க்கும்

2008-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவை, சிறு முனைவோர் இயந்திரங்களுக்குக் கடன் பெற வழி திறந்தன. இத்தகைய விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர், மேசை கடையில் வாங்கப்பட்டதா, பட்டறையில் செய்யப்பட்டதா என்பதோடு நின்றுவிடலாகாது. மாதந்தோறும் வெட்ட வேண்டிய தகடு எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட மின்சுமை பிளாஸ்மா கருவியையும் கம்ப்ரசரையும் ஒருங்கே தாங்குமா, எர்த் இணைப்பு அளந்து பார்க்கப்பட்டதா, புகை எங்கே செல்கிறது, நாசில்களுக்கு மாதச் செலவு என்ன ஆகிய ஐந்து வினாக்களுக்கும் விடை கேட்க வேண்டும். வேலை குறைவாயின் அச்சுத்தகடும் கை டார்ச்சும் போதும். மெல்லிய தகட்டில் மிகு நுட்பம் வேண்டுமாயின் லேசர் முறையே பொருத்தம். இவற்றை எண்ணாது வாங்கிய இயந்திரம் கடனாகவே எஞ்சும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கணினி இயக்குநர் ஆகிய பிரிவினர் தனித்தனியே பயில்கின்றனர். வெட்டுமேசை ஒன்றைச் சேர்ந்து கட்டும்போது அந்நால்வரின் கல்வியும் ஓரிடத்தில் இணைகிறது. வாங்கிய இயந்திரம் நின்றுபோனால் உரிமையாளர் பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருக்க நேரும். அதனைக் கட்டத் தெரிந்தவரோ, எவ்வுறுப்பு பழுதுற்றது என்பதைத் தாமே கண்டறிவார். தகடு வெட்டும் திறனோடு இவ்வறிவும் சேர்ந்து பரவினால்தான், சிற்றூர்ப் பட்டறைகள் பிறர் தயவை எதிர்பாராமல் நிலைத்து வளரும்.