கதவணையும் கழிமுகமும்

அணை என்றதும் தடுத்தலே நம் நினைவுக்கு வருகின்றது. காலமும் அளவும் அறிந்து திறத்தலும் அணையின் தொழிலேயாம். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள செனகல் ஆற்றின் கழிமுகம் இதனை நன்கு உணர்த்தும்.

செனகல், மொரிற்றானியா என்னும் இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடி, இவ்வாறு அத்திலாந்திக் சமுத்திரத்திற் கலக்கின்றது. முன்னாளில் மாரிவெள்ளம் கழிமுகச் சமவெளியை மூடும். வெள்ளம் வடிந்தபின் கோடையிற் கடல்நீர் ஆற்றுவழியே நெடுந்தூரம் உள்ளேறும். நன்னீரும் உவர்நீரும் முறைமாறி ஆண்ட அவ்விடத்தை மருதமும் நெய்தலும் மயங்கிய நிலம் என நாம் கூறலாம். மீனும் புல்லும் கருவேலும் நீர்ப்பறவையும் அம்மயக்கத்தையே நம்பி வாழ்ந்தன.

1986 இல் டியாமா அணை கட்டி முடிந்தது. உவர்நீரைத் தடுத்து, வேளாண்மைக்கு நன்னீரைத் தேக்குதல் அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது. ஆயின், வலக்கரையில் எழுந்த நீண்ட மண்ணணை ஆண்டு வெள்ளத்தைச் சமவெளியினின்றும் பிரித்துவிட்டது. முன்னரே மழை பொய்த்து வாடிய நிலம் மேலும் உப்பேறியது. மீன் அருகியது. பெண்கள் தோல் வாரிட்டுப் பாய் பின்னும் புல்லும் அருகியது.

1991 இல் மொரிற்றானிய அரசு 16,000 ஹெக்டேயர் பரப்பில் டியாவ்லிங் தேசியப் பூங்காவை நிறுவியது. மண்ணணையிலுள்ள மதகுகளின் வழியே 1994 முதல் செயற்கை வெள்ளம் விடப்பட்டது. அதன் முறை வருமாறு:

1. மாரி தொடங்கும்போது மதகைச் சிறிது சிறிதாகத் திறத்தல். நீர் மெல்ல உயர்வதால் இளம்புல் மூழ்கி அழுகாது.

2. வெள்ளத்தைச் சில மாதம் நிறுத்தல். நன்னீர் கழிகளில் இறங்க, அதனை எதிர்த்து மடவை முதலிய மீன்கள் ஏறிவரும். குஞ்சுகள் ஆழங்குறைந்த நீரில் வளரும்.

3. பின்னர் மதகை மூடி வற்றவிடுதல். கோடையும் உவரும் தத்தம் முறைப்படி மீளும்.

எவ்வளவு நீர், எப்பொழுது என்பதைப் பொறியியலாளர் மட்டும் தீர்மானிக்கவில்லை. மீனவரும் மேய்ப்பரும் பாய் பின்னும் பெண்களும் வினவப்பட்டனர். புல் மீண்டது, மீன் மீண்டது, பறவைகளும் மீண்டன. எனினும் குறை முற்றும் நீங்கவில்லை. ஆண்டு முழுதும் நன்னீர் தேங்கும் அணையின் மேற்புறத்தில் சம்பு அடர்ந்து நீர்வழிகளை அடைக்கின்றது. நன்னீரேயாயினும், ஓய்வின்றி நிற்பின் கேடு பயக்கும் என்பதற்கு இதுவே சான்று.

மாணவர்காள், உவர்நீரைத் தடுக்கும் கதவணை நமக்குப் புதிதன்று. தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது சற்றே நின்று நோக்குங்கள். ஒருபுறம் தோட்டக்காரனின் கிணறு. மறுபுறம் இறால் பிடிப்பவனின் வலை. கதவைத் திறக்கும் நாளும் மூடும் நாளும் இவ்விருவர் வாழ்வையும் தொடுவன. அந்நாளைக் குறிப்பவன் இருவரையும் கேட்டறிதல் வேண்டும். நாளை அப்பணியில் அமர்வோர் உங்களுள்ளும் இருத்தல் கூடும்.